நன்றி சொல்ல வேண்டாத வழி

இங்கிலாந்தின் வழிச் சட்டத்தில் ஒரு நியாயம் உண்டு. அதை அறிந்துகொண்ட நாள் முதலாக அது என் மனத்தில் ஓர் உறுத்தலாகவே தங்கிவிட்டது. ஒருவருடைய நிலத்தின் ஊடே ஊரார் 20 வருஷ காலம் இடையறாமல் போய்வந்து, அப்படிப் போய்வந்ததில் பலாத்காரமும் இல்லாமல், ஒளிவு மறைவும் இல்லாமல், எவருடைய அனுமதியையும் பெறாமல் இருந்திருப்பார்களானால், நிலத்துக்காரர் அந்த வழியைப் பொதுமக்களுக்கு அர்ப்பணம் செய்துவிட்டதாகவே சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. 1932-இல் சட்ட வடிவம் பெற்று, 1980-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்திலும் இடம் பெற்ற விதி இது. நம்முடைய கிரயப் பத்திரங்களில் மாமூல் வழிநடைப் பாத்தியம், வண்டித்தடப் பாத்தியம் என்றெல்லாம் எழுதி வருகிறோமே, அந்த வகைப் பாத்தியங்களுக்கு ஆதாரமான 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டத்திலும் இதே 20 வருஷக் கணக்குத்தான். ஆனால் அது ஒரு நிலத்துக்காரருக்கு இன்னொருவர் நிலத்தின் மேல் உண்டாகிற பாத்தியதை, நான் இங்கே பேசுவதோ ஒரு குழி நிலமும் இல்லாதவருக்கும் உண்டான பாத்தியதை. மூன்று நிபந்தனைகளில் முதலிரண்டைப் பற்றி விவாதம் இல்லை. வேலியை வெட்டிக்கொண்டு நுழைந்தவனுக்கும் இருட்டில் பதுங்கிப் போனவனுக்கும் உரிமை கிடையாது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். மூன்றாவதுதான் விசித்திரம். நிலத்துக்காரர் நல்ல மனிதராக இருந்து, “தாராளமாகப் போய்வாருங்கள் அம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரானால், அந்த வார்த்தையோடு உரிமை பிறக்கும் வாய்ப்பே அற்றுப்போகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா இருந்தவருடைய நிலத்திலோ பாதை பிறந்துவிடுகிறது. இதை அறிந்த எஸ்டேட்டுகள் சில, வருஷத்தில் ஒரே ஒரு நாள் வழியை அடைத்து வைத்து, மற்ற நாட்களிலெல்லாம் திறந்துவிடுகின்றன. அந்த ஒரு நாள் பூட்டு, மற்ற நாட்களின் போக்குவரத்தையெல்லாம் தயவாக மாற்றிவிடுகிறது. தயவு உரிமையைக் கொல்லும் என்று சொல்வது கடுமையாகத் தொனிக்கலாம். ஆயினும் விஷயம் அதுவே.

நான் குதிரை ஏறியவன் அல்லன். ஏறும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் இந்தச் சிந்தனை என்னைக் குதிரைப் பாதைகளிடமே கொண்டுபோய் விட்டது. நடப்பவனுக்கு அந்நாட்டில் வழிகள் ஏராளம்; ஒரு வாசல் அடைபட்டால் வேறு வாசலாகச் சுற்றிக்கொண்டு போகலாம்; ஆகையால் உரிமைக்கும் தயவுக்கும் உள்ள வித்தியாசம் அவன் காலில் அவ்வளவாகத் தைப்பதில்லை. இங்கிலாந்தில் பதிவாகியுள்ள பொதுவழிகள் ஏறத்தாழ 1,88,700 கிலோமீட்டர். அவற்றில் 1,46,600 கிலோமீட்டர் நடப்பவருக்கு மாத்திரம் உரியவை. ‘பிரைடில்வே’ என்று சொல்லப்படும் குதிரைப் பாதைகள் 32,400 கிலோமீட்டர். வண்டி போன பழைய தடங்களையும் அவற்றோடு சேர்த்தால்கூடக் குதிரைக்காரர் உரிமையோடு போகத்தக்கவை மொத்தத்தில் சுமார் 22 சதவிகிதந்தான். அவையும் தொடர்ச்சியாக இல்லாமல் இங்கொரு துண்டும் அங்கொரு துண்டுமாகக் கிடக்கின்றன. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரையில் தார்ச் சாலையில் போய்த் தீரவேண்டும். குதிரைக்கோ தார்ச் சாலை பயங்கரமான இடம். அரை டன் எடையுள்ள அந்தப் பிராணி ஆதியில் பிற மிருகங்களுக்கு இரையாக இருந்தது. ஓடித் தப்புவதைத் தவிர வேறு தற்காப்பு அறியாதது. வேலியில் சிக்கிப் படபடக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கண்டாலே நான்கு கால்களும் ஒருமிக்கத் துள்ளும். பின்னால் லாரி வருகிறது. குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்குப் பத்து மைல் வேகத்துக்கு மேற்படாமலும், குறைந்தது இரண்டு மீட்டர் விலகியும் போகவேண்டும் என்று 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதி சொல்லுகிறது. இருபுறமும் முள் புதர் நெருக்கிய கிராமச் சந்தில் அந்த இரண்டு மீட்டருக்கு எங்கே போவது?

இந்தப் பாதைகள் உல்லாசத்துக்காக உண்டானவை அல்ல. பென்னைன் மலைத்தொடரில் உப்பும் கம்பளியும் சுண்ணாம்பும் பொதி குதிரைகளின் முதுகில்தான் பிரயாணம் செய்தன. அக்காலத்துப் பாலங்கள் சில இன்றும் நிற்கின்றன. ஒற்றைக் குதிரை போகுமளவே அகலம், முழங்காலுக்கும் எட்டாத கைப்பிடிச் சுவர். சுவரை அவ்வளவு தாழக் கட்டியது சிக்கனத்துக்காக அல்லவாம். இருபக்கமும் தொங்கும் மூட்டைகள் இடிக்காமல் இருப்பதற்காக. சதுப்பு நிலத்தின் மேல் வரிசையாகப் பதித்த பாறைப் பலகைகளின் நடுவே, லாடங்கள் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்கும். தெற்கே மணற்பாறைப் பிரதேசங்களிலோ, குளம்புகளும் வண்டிச் சக்கரங்களும் மழையும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து அறுத்ததனால், பாதையே நிலமட்டத்துக்கு ஆள் உயரம், இரண்டாள் உயரம் கீழே இறங்கிவிட்டது. இருகரை மரங்களின் வேர்கள் தலைக்கு மேலே தொங்க, நண்பகலிலும் பச்சை இருளும் ஈர இலை வாசனையும் அங்கே குடியிருக்கும். கால்வாய் வந்தது, ரெயில் வந்தது, தார் வந்தது. பொதி குதிரைக்கு வேலை இல்லாமற் போயிற்று. இன்று அந்தப் பாதையில் குதிரைமேல் வருபவருக்குப் போய்ச் சேரவேண்டிய சந்தையும் இல்லை, இறக்கவேண்டிய சுமையும் இல்லை. புறப்பட்ட லாயத்துக்கே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வருகிறார். அவசியத்தினால் பிறந்த ஒரு பாத்தியதை, அந்த அவசியம் மாண்டுபோன பிறகும் வேறு சிலருடைய சந்தோஷத்துக்காக ஜீவித்திருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமான கேள்விதான். அதை நான் எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

ஒருமுறை பொதுவழியானது என்றென்றைக்கும் பொதுவழியே என்பது ஆங்கிலேய நீதிபதிகளின் பழைய சூத்திரம். அதன் உட்கருத்து, வழியானது போகிறவனுடைய காரியத்தை விசாரிக்காது என்பதாகவே எனக்குப் படுகிறது. வைத்தியனும் கடன்காரனும் காதலனும் வேலையற்றவனும் அதற்கு ஒன்றே. ஆனால் இதை முழு உண்மையாகக் கொள்வதற்கும் ஒரு தடை இருக்கிறது. 1900-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், பந்தயக் குதிரைகளைப் பற்றித் துப்புச் சொல்லும் பத்திரிகை நடத்திய ஒருவர், பொதுவழியில் பதினைந்து கஜ தூரத்துக்குள்ளாகவே ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னுமாக நடந்து, பக்கத்து நிலத்தில் நடந்த குதிரைப் பயிற்சியைக் கண்ணால் அளந்து குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தப் பாதை செல்லும் நிலமும் அந்தப் பக்கத்து நிலத்துக்காரருடையதே. வழி போவதற்கே அன்றி வேவு பார்ப்பதற்கல்ல என்று சொல்லி, அவர் செய்தது அத்துமீறல் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே சட்டமும் சில சமயங்களில் நோக்கத்தை விசாரிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அது விசாரித்தது, அந்த மனிதர் வழியை வழியாக உபயோகித்தாரா என்பதைத்தான். அவருடைய பிரயாணம் அவசியமானதா என்பதை அன்று. அவசியத்தை அளவுகோலாகக் கொண்டால் நடப்பவனுடைய உரிமையும் நிற்காது. 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி கின்டர் ஸ்கௌட் மலைமேல் அடைக்கப்பட்ட நிலத்துக்குள் கூட்டமாக ஏறிச் சென்று அதற்காகச் சிறைக்கும் போன இளைஞர்களுக்கு அங்கே என்ன காரியம் இருந்தது? காற்றும் வெளியுமே அவர்கள் நாடியவை. அவர்களுடைய ஆசையைத் தேசம் பிற்காலத்தில் கௌரவித்தது. குதிரைக்காரருடைய ஆசையை மட்டும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது.

அந்தச் சந்தேகத்தின் வேர் வர்க்க பேதத்தில் இருக்கிறது. குதிரைமேல் இருப்பவர் என்றதும் சிவப்புக் கோட்டு அணிந்து நரி வேட்டைக்குப் புறப்பட்ட பிரபுவே மனக்கண்முன் வருகிறார். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆயிரம் ஏக்கர் உள்ள பிரபுவுக்குப் பொதுக் குதிரைப் பாதை எதற்கு? தம்முடைய வேலிக்குள்ளேயே நாள் முழுவதும் அவர் நாலுகால் பாய்ச்சலில் போய்வரலாம். பாதை வேண்டியிருப்பது நிலமில்லாத குதிரைக்காரருக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். யாரோ ஒரு விவசாயியின் லாயத்தில் மாத வாடகைக்குக் குதிரையை விட்டுவைத்து, விடியுமுன் எழுந்து சாணம் வாரித் தீனி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அவர்களில் பலர். மேரி டௌன்லி என்ற பெண்மணி 1986-இல் கார்பிரிட்ஜிலிருந்து ஆஷ்போர்ன் வரை சுமார் 250 மைல் தூரம் குதிரைமேலேயே வந்தார். பழைய பொதி குதிரை வழிகள் எப்படிச் சிதைந்து கிடக்கின்றன என்பதை நாட்டுக்குக் காட்டுவதே அவருடைய கருத்து. பென்னைன் குதிரைப் பாதை என்று இன்று வழங்கும் 205 மைல் தேசிய வழி அந்தப் பிரயாணத்தின் பலன்களில் ஒன்று. அதன் முதற் பகுதியாக 47 மைல் வட்டம் 2002-இல் அவருடைய பெயரோடே திறக்கப்பட்டது. அதற்கு முந்தின வருஷமே அவர் காலமாகிவிட்டார்.

பாதைகள் எப்படித் தொலைகின்றன என்பதைப் பார்த்தால், வேலியும் கலப்பையும் செய்த சேதத்தைக் காட்டிலும் காகிதம் செய்த சேதம் அதிகமோ என்று தோன்றும். 1949-ஆம் வருஷத்துத் தேசியப் பூங்காக்கள் சட்டம், ஒவ்வொரு கவுன்ட்டியும் தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளை அளந்து அறுதியான வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று விதித்தது; அளக்கும் வேலை பெரும்பாலும் பாரிஷ் கவுன்சில்களின் தலையில் விழுந்தது. அந்தச் சமயத்தில் டிராக்டர் வந்து குதிரை வயல்களை விட்டு மறைந்துகொண்டிருந்தது. அளக்கப் போனவர்கள் நடந்தே போனார்கள். கவுன்சிலில் அமர்ந்திருந்தவர்களில் நிலமுள்ளவர்களும் இருந்தார்கள். பழைய குதிரை வழிகள் பல, நடைபாதை என்றே பதிவாயின. சில பதிவாகவே இல்லை. ஒரு பாரிஷில் குதிரைப் பாதை என்றும் எல்லை தாண்டிய அடுத்த பாரிஷில் நடைபாதை என்றும் ஒரே தடம் இரண்டு பெயர் பெற்ற இடங்கள் இன்றும் உண்டு. வரைபடத்தை மெய்யென்று நம்பினால், அந்த ஊர் முன்னோர் எல்லைக்கல் வரையில் குதிரைமேல் வந்து, அங்கே குதிரையைக் கரைத்துவிட்டு மீதி தூரத்தை நடந்து போனார்கள் என்றுதான் கொள்ளவேண்டும். எனினும் அந்தச் சட்டத்தில் ஒரு பெருந்தன்மை இருந்தது. வரைபடத்தில் உள்ளது உண்டு என்பதற்கு அது அறுதியான சாட்சி. இல்லாதது இல்லை என்பதற்கு அது சாட்சி அன்று. 2000-ஆம் வருஷத்துச் சட்டம் அந்தப் பெருந்தன்மைக்குக் கெடு வைத்தது: 1949-க்கு முற்பட்டதாய், 2026 ஜனவரி முதல் தேதிக்குள் பதிவாகாத நடைபாதை உரிமையும் குதிரைப் பாதை உரிமையும் அன்றோடு அழியும் என்றது. கெடுவை ரத்து செய்வதாக 2022-இல் சொன்னார்கள். மறு வருஷமே ரத்தைக் கைவிட்டு 2031-க்குத் தள்ளிவைத்தார்கள். 2024 டிசம்பரில் வேறொரு அரசாங்கம் மறுபடியும் நீக்குவதாக அறிவித்தது. பிரிட்டிஷ் குதிரைச் சங்கமோ, கெடு வருஷத்தின் பெயரையே தன் திட்டத்துக்கு வைத்துக்கொண்டு, ஆவணக் காப்பகங்களில் தொண்டர்களை உட்காரவைத்தது.

அந்த ஆவணங்களின் சுபாவத்தை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே உண்டாகின்றன. பாதையைக் காப்பாற்ற வேண்டும் என்ற புண்ணிய நோக்கத்தோடு அவற்றை யாரும் எழுதவில்லை. பொது மேய்ச்சல் நிலங்களைப் பிரித்து வேலியடைத்தபோது கமிஷனர்கள் எழுதிய தீர்ப்புகளில், ஏழைகளின் புல்வெளியைப் பறிக்கிற அதே ஏட்டில், பொதுக் குதிரை வழி இன்னதென்று அகலத்தோடு கண்டிருக்கும். மாதா கோயிலுக்குச் சேரவேண்டிய தசம பாகத்தைப் பணமாக மாற்ற 1836-இல் சட்டம் வந்தபோது எழுதிய வரைபடங்களில், விளைச்சல் இல்லாததால் வரி விதிக்க ஏலாத நிலமாகச் சாலை தனித்துத் தெரியும். 1910-இல் நிலத்தின் மதிப்பின் பேரில் வரி போட முற்பட்டபோதோ, தம் நிலத்தின் ஊடே பொதுவழி போகிறது என்று காட்டியவருக்கு மதிப்பில் கழிவு கிடைத்தது. பொய் சொன்னால் தண்டனை உண்டு. ஆகவே பாட்டனார் வரிக்குப் பயந்து ‘உண்டு’ என்று எழுதிக் கொடுத்த வழியைப் பேரனார் ‘இல்லவே இல்லை’ என்று மறுக்கிற காட்சியை அந்தத் தாள்களில் காணலாம். பிறருடைய பேராசையும் பயமும் விட்டுச்சென்ற எழுத்துக்களே இன்று பாதைக்குச் சாட்சி சொல்லுகின்றன. ஆயினும் இந்தச் சாட்சியத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. குளம்பினால் உண்டான உரிமை, காப்பகத்தின் மேஜைமேல் உண்டாவதாக ஆகிவிட்டால், தேடுவதற்கு ஓய்வும் கல்வியும் உள்ளவர்கள் வசிக்கும் பிரதேசத்தில் பாதைகள் பிழைக்கும். மற்ற இடங்களில் மறையும். அதுவும் ஒருவகைத் தயவை நம்பிய வாழ்வுதான்.

நிற்க. நிலத்துக்காரருடைய பக்கத்தையும் பார்க்க வேண்டும். களிமண் பூமியில் மழைக்காலத்தில் பத்துக் குதிரைகள் போனால் பாதை சேறாகக் குழம்பிவிடும். பின்னால் வரும் நடைக்காரர் கணுக்கால் புதையத் திட்டிக்கொண்டு போவார். ஆடு ஈனும் பருவத்தில் திறந்து கிடக்கும் ஒரு கதவு விவசாயிக்குப் பல நாள் அலைச்சல். சட்டமோ அவர்மேல் கணக்காகச் சுமத்துகிறது: வயலின் குறுக்கே போகும் குதிரைப் பாதையை உழுதால், அந்தப் பயிருக்கு முதல் தடவையாயின் 14 நாளுக்குள்ளும், பின்னும் கிளறினால் 24 மணி நேரத்துக்குள்ளும் இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சமன் செய்து தரவேண்டும், வயலோரமாகப் போகும் பாதையை உழவே கூடாது, கதவுக்கு ஐந்து அடி அகலம் வேண்டும். நடப்பவருக்காக வேலியில் வைத்த ஏறுபடி, குதிரைக்குச் சுவராகிவிடும். ஆகவே குதிரைமேல் இருந்தபடியே எட்டித் தள்ளத்தக்க நீண்ட கைப்பிடியுள்ள கதவு போடவேண்டும். வயலையும் வழியையும் ஒருங்கே காப்பது சிரமம் என்று விவசாயி முணுமுணுத்தால் அதைத் துர்க்குணம் என்று சொல்லமாட்டேன். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் வருஷத்துச் சட்டம் பாதை என்ற வரம்பையே பெரும்பாலும் கடந்து, பொறுப்போடு நடந்துகொள்பவர் யாராயினும், நடந்தோ சைக்கிளிலோ குதிரையிலோ, நிலத்தில் போகலாம் என்று விட்டுவிட்டது. இங்கிலாந்திலும் டார்ட்மூர் பொது நிலங்களில் 1985 முதல் குதிரைக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் மலையும் புல்வெளியும் திறந்துவிடப்பட்ட 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தில், திறந்தது கால்நடையாக வருபவருக்கு மட்டுமே.

இந்த நிலையில் நடைமுறை அறிந்தவர்கள், உரிமைக்காக வழக்காடுவதைவிட அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்வதே விவேகம் என்பார்கள். அப்படி வாங்கிய பாதைகள் உண்டு. சந்தா கட்டிப் போகிற பாதைகளும் உண்டு. அரசாங்கமே விவசாயிக்குப் பணம் கொடுத்துப் பத்து வருஷ ஒப்பந்தத்தில் திறந்துவைத்த பாதைகளும் இருந்தன. பத்து வருஷத்துப் பழக்கத்தில் குதிரைக்குக்கூட வழி மனப்பாடமாகியிருக்கும். ஒப்பந்தம் தீர்ந்ததும் பூட்டு வந்துவிடும். அனுமதி இனியது, ஆனால் அது தருகிறவருடைய ஆயுளோடும் மனநிலையோடும் பட்டயத்தின் தேதியோடும் கட்டுண்டது, பெறுகிறவரை அது என்றென்றும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறது. விருந்தாளியாக இருப்பதில் இழிவில்லை. பிறந்த ஊரைச் சுற்றிலும் விருந்தாளியாகவே இருப்பதுதான் இழிவு. நிலத்துக்காரர் விரும்பினால் செய்யக்கூடிய வேறொன்றும் சட்டத்தில் இருக்கிறது: கவுன்சிலோடு உடன்படிக்கை செய்து பாதையை நிரந்தரமாக அர்ப்பணித்துவிடலாம். அதற்குப் பிறகு அவருடைய மகனும் அந்த நிலத்தை வாங்குகிறவரும் அதை மீட்க இயலாது. அன்று முதல் அந்த வழியே போகிறவர் எவரும் அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். இந்தக் கொடையில் நிலத்தைவிடப் பெரிய பொருள் ஒன்று கைமாறுகிறது. தமக்குக் கடன்பட்டவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற சுகத்தையும் அவர் விட்டுக்கொடுக்கிறார். எனக்கு நாலு ஏக்கர் இருந்திருந்தால், வருகிறவர்களை நோக்கிக் கையசைத்துப் புன்னகை செய்யும் அந்தச் சின்ன அதிகாரத்தை நான் விட்டிருப்பேனா என்பது எனக்கு நிச்சயமில்லை.

நன்றி வேண்டாம் என்பதனால் மரியாதையும் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஆட்டு மந்தைக்கு அருகே குதிரையை நடைக்கு அடக்குவதும், எதிரே வரும் கிழவருக்காக ஒதுங்கி நிற்பதும், தாழ்ப்பாளைப் போட்டோமா என்று திரும்பிப் பார்ப்பதும் நிலத்துக்காரருக்குச் செலுத்தும் காணிக்கை என்று நான் எண்ணவில்லை. வழியைத் தமக்குப் பின்னே வருகிறவர்களுக்குக் குறையில்லாமல் ஒப்படைக்கிற காரியம் அது. குதிரைப் பாதைகளில் சைக்கிளுக்கும் 1968-இல் இடம் கொடுத்தபோது, சைக்கிள்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்று சட்டம் சேர்த்துச் சொல்லியது. ஒரே தடத்தில் மூவர் போகும்போது, தயவை எதிர்பாராமல், யார் யாருக்கு ஒதுங்குவது என்று முறை வகுத்துக்கொள்வதுதான் பொதுவாழ்வின் அரிச்சுவடி. சங்கங்கள் மனுப் போடட்டும்; வரைபடத்தில் விட்டுப்போனவை ஏறட்டும்; துண்டுகள் இணையட்டும். அவற்றோடு, தை மாதத்துக் குளிரிலும் சேற்றிலும் ஒருவராவது குதிரையை வெளியே கொண்டுவந்து, எவரையும் கேளாமல் அந்த வழியே போய்வர வேண்டும். அவ்வாறு போகிறவர்கள் அருகிக்கொண்டே போனால், அறுதி வரைபடம் எவ்வளவு அறுதியாக இருந்தாலும், முட்செடியும் மறதியும் சேர்ந்து மூடிய பாதையை யாருக்காகத் திறப்பது என்று ஒரு நாள் கவுன்சில் கேட்கும். அந்தக் கேள்விக்கு நியாயமான விடை, குதிரைமேல் அங்கே வந்து நிற்கிற ஓர் ஆள்தான்.